அண்ணாமலைக்கு ஒரே ஒரு டிக்கெட்

"யாரோடு போகிறாய்?"

நம் வீடுகளில் ஒரு பெண் பெட்டியைத் திறந்து புடவை மடிக்க ஆரம்பித்தால் முதலில் பிறக்கும் கேள்வி இதுதான். எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். ஆண்பிள்ளை கிளம்பினால் "எந்த வண்டிக்கு?" என்பார்கள். பெண் கிளம்பினால் "யாரோடு?" மாமியாரோடு, மன்னியோடு, மாதர் சங்கத்தோடு, பக்கத்து வீட்டு அம்மாளோடு - ஏதாவது ஓர் 'ஓடு' இருந்துவிட்டால் போதும், காசிக்கும் ராமேசுவரத்துக்கும் போய் வரலாம். அந்த 'ஓடு' இல்லாவிட்டால் காஞ்சீபுரம்கூடக் கஷ்டந்தான்.

என் சிநேகிதி ஒருத்திக்குக் கப்பலில் போக வேண்டும் என்று ஆசை. 2022 ஜூன் மாதத்தில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பியதைப் படத்தோடு பத்திரிகையில் பார்த்ததிலிருந்து பிடித்த ஆசை அது. நீச்சல் குளம், நாடகக் கொட்டகை, வேளாவேளைக்குச் சாப்பாடு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறதாம். அதுவும் தனியாகப் போக வேண்டுமாம். இருபது வருஷமாக நாலு பேருக்கு டிபன் பாக்ஸ் கட்டியவளுக்குத் தனிமையில் ஆசை வருவது நியாயந்தானே? விசாரித்துப் பார்த்ததில், பெரும்பாலான உல்லாசக் கப்பல்களில் தனி ஆளாகப் போனாலும் அறையில் இரண்டு பேர் இருப்பதாகவே கணக்குப் பண்ணிப் பணம் கேட்பார்கள் என்று தெரிந்தது. வராத துணைக்கும் சேர்த்து டிக்கெட்! "கப்பல் ஏறுவதற்கு முன்னால் கட்டுமரம் ஏறிப் பழகு" என்றேன். கட்டுமரம் என்று நான் சொன்னது திருவண்ணாமலையை.

யோசனை சொல்லுகிறவள் முதலில் தான் ஏறிப் பார்க்க வேண்டாமா? ஆபீஸ் காரியமாக நான் பல ஊர் சுற்றியிருக்கிறேன். ஆனால் கூடவே போட்டோக்காரர், டிரைவர், உள்ளூர் நிருபர் என்று ஒரு பரிவாரம் இருக்கும். யாரும் அனுப்பாமல், யாரும் எதிர்கொண்டு அழைக்காமல், நானாக ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனது இதுதான் முதல் தடவை.

திருவண்ணாமலையை ஏன் பிடித்தேன் என்றால், அதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேரலாம். விடியற்காலை மூன்று மணிக்கும் யாராவது நடந்துகொண்டிருக்கும் ஊர். அங்கே போகிறவர்களுக்கு ஒரு வேலையும் காத்திருக்கிறது: மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பது. தனியாகப் போகிறவளுக்கு வேலை ஒன்று இருப்பது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து வீட்டை நினைத்துக்கொண்டிருப்பாள். வழி தப்பவும் முடியாது. 2,668 அடி உயர மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் கிளம்பின இடத்துக்கே வந்து சேர்ந்துவிடலாம். இதைவிடச் சுலபமான வரைபடம் உலகத்தில் உண்டா?

போதாததற்கு, அந்த ஊருக்குத் தனியாக வந்த முதல் பெண்மணி சாமானியப்பட்டவள் அல்ல. விளையாட்டாக ஈசனின் கண்ணைப் பொத்தினாள் பார்வதி. உலகமெல்லாம் இருண்டு போயிற்று. அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகக் கைலாசத்தை விட்டுக் காஞ்சிக்கு வந்து தவம் செய்தாள்; அங்கிருந்து அண்ணாமலைக்கு வந்தாள். கௌதம முனிவரிடம் வழி கேட்டுக்கொண்டு, பவளக்குன்றில் தவமிருந்து, மலையை வலம் வந்து, கடைசியில் ஈசனின் இடப் பாகத்தைப் பெற்றாள் என்று தலபுராணம் சொல்கிறது. புருஷன் துணை இல்லாமல் புறப்பட்டுப் புருஷனில் பாதியையே வாங்கிக்கொண்டு போனவள் அவள்! வீட்டில் யாராவது ஆட்சேபித்தால் இந்தக் கதையைச் சொல்லலாம். நான் சொன்னேன். பலித்தது.

ஏற்பாடு எதுவுமே இல்லாமல் இந்த ஊருக்குத் தனியாக வந்தவர் ஒருவர் உண்டு. 1896 ஆகஸ்டு 29-ஆம் தேதி, மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், அண்ணாவின் காலேஜ் சம்பளத்துக்கென்று கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பாக்கி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுக் கிளம்பினான். பழைய பூகோளப் படத்தில் திருவண்ணாமலைக்கு ரயில் போட்டிருக்கவில்லை. ஆகவே திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா அதற்கே போய்விட்டது. வண்டியில் வந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் மாறினால் திருவண்ணாமலைக்கே ரயில் உண்டு என்று சொன்னார். விழுப்புரத்தில் இறங்கினால் கையில் காசில்லை. இருந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயில். அப்புறம் அறையணிநல்லூர் வரை கால்நடை. கோயிலில் சோறு கேட்டான், இல்லை என்றுவிட்டார்கள். கீழூரில் மேளக்காரர் தம் பங்குச் சோற்றைக் கொடுத்தார். கோகுலாஷ்டமி நாளன்று முத்துக்கிருஷ்ண பாகவதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, காதில் போட்டிருந்த தங்கக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கினான். அந்த வீட்டு அம்மாள், கிருஷ்ணனுக்கு நைவேத்தியம் ஆவதற்கு முன்பே பட்சணப் பொட்டலத்தைப் பையன் கையில் கொடுத்து அனுப்பினாள். செப்டம்பர் 1-ஆம் தேதி காலையில் அவன் அண்ணாமலையார் சந்நிதியில் போய் நின்றான். 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி மறையும் வரை அந்த ஊரை விட்டு அவர் வெளியே போகவே இல்லை. ரமண மகரிஷி அவர்தான்.

மகரிஷிக்குச் சரி. நமக்கு நாலு நாளில் திரும்ப வேண்டும். இட்லிக்கு மாவு அரைக்க வேண்டும். ஆகவே ஏற்பாடு அவசியம்.

முதலில் நாள் பார்ப்பது. பஞ்சாங்கத்தில் நல்ல நாள் பார்க்கச் சொல்லவில்லை. பௌர்ணமி இல்லாத நாளாகப் பார்க்கச் சொல்கிறேன். பௌர்ணமியன்று லட்சக்கணக்கில் ஜனம் வரும். கார்த்திகை தீபத்துக்கோ கேட்க வேண்டாம். அவையெல்லாம் பார்க்க வேண்டிய காட்சிகள்தாம். ஆனால் முதல் தடவை தனியாகப் போகிறவளுக்கு அந்த நெரிசல் உதவாது. லாட்ஜில் இடம் கிடைக்காது. கிடைத்தாலும் வாடகை ஆகாயத்தில் நிற்கும். நான் ஆவணியில் ஒரு சாதாரணப் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன்.

அடுத்தது அறை. இங்கேதான் கப்பல் கம்பெனியே தேவலை என்று தோன்றியது. கப்பல்காரன் இரட்டைப் பணம் கேட்கிறான், ஆனால் ஏற்றிக்கொள்கிறான். நான் டெலிபோனில் விசாரித்த நாலு லாட்ஜுகளில் இரண்டில், "எத்தனை பேருங்க?" என்றார்கள். "ஒருத்திதான்" என்றதும், "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்லீங்க" என்று முடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டால், "அது எங்க வழக்கமுங்க." தனியாக வரும் ஆண்பிள்ளைக்கு அந்த வழக்கம் கிடையாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்றாவது இடத்தில் ஒரு பெண் குரல் எடுத்து, "வாங்கக்கா, ஆதார் கார்டு மட்டும் கொண்டு வந்துடுங்க" என்றது. ஊரின் பெயரால் லாட்ஜைத் தேடாதீர்கள். போன் எடுப்பவரின் குரலால் தேடுங்கள் என்பேன். ரமணாசிரமம் போன்ற ஆசிரமங்களில் தங்க நினைத்தால் நெடுநாள் முன்னதாகவே எழுதிக் கேட்க வேண்டும். போய் நின்றுகொண்டு கேட்டால் கிடைக்காது.

பெட்டி விஷயத்தில் நான் கண்டிப்புக்காரி. தன் கையால் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏற முடியாத பெட்டி பெட்டியே அல்ல. இரண்டு நூல் புடவை, மாற்று உடுப்பு, ஒரு துண்டு, சேஃப்டி பின் ஒரு கொத்து, தலைவலித் தைலம், தண்ணீர்ப் பாட்டில், சின்ன டார்ச், செல்போனுக்குச் சார்ஜர். நகையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பணத்தை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். எங்கள் பாட்டி கோயிலுக்குப் போகும்போது இடுப்பில் கொஞ்சம், சுருக்குப் பையில் கொஞ்சம், முந்தானை முடிச்சில் கொஞ்சம் என்று மூன்று கஜானா வைத்திருப்பாள். பாங்கிக் கார்டு வந்த பிறகும் அந்த நிதி நிர்வாகத்தை மிஞ்ச ஆளில்லை. பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112, ரயிலில் 139 - இந்த மூன்று எண்களைப் போனில் மட்டும் அல்லாமல் ஒரு சீட்டிலும் எழுதி வைத்துக்கொண்டேன். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது?

பஸ் 2023 டிசம்பர் 30-ஆம் தேதி திறந்த கிளாம்பாக்கம் நிலையத்திலிருந்து. திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகிறது. ரயிலும் உண்டு, சென்னைக் கடற்கரையிலிருந்து வேலூர் வரை போய்க்கொண்டிருந்த பாசஞ்சரை 2024 மே மாதத்தில் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். சாயங்காலம் கிளம்பி நடுநிசியில் கொண்டுபோய் விடும்படி அதற்கு நேரம் குறித்தார்கள். கிரிவலக்காரர்களுக்கு அது வசதி. புது ஊரில் தனியாக இறங்கும் பெண்ணுக்குச் சூரிய வெளிச்சத்தில் இறங்குவதுதான் தைரியம். ஆகையால் பஸ்.

பஸ்ஸில் ஜன்னலோர ஸீட்டில் உட்கார்ந்ததும் எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியைச் சொல்ல வேண்டும். சந்தோஷம் என்றுதான் எழுத ஆசை. உண்மையில் அது வயிற்றைக் கலக்கும் ஒரு கூச்சம். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. திண்டிவனம் வருவதற்குள், யாரும் என்னைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. பக்கத்து ஸீட்டு அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு குழந்தை முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்கிறோமே, அந்த நாலு பேர் பஸ்ஸில் ஏறவே இல்லை! செஞ்சிக் கோட்டை தாண்டிக் கொஞ்ச நேரத்தில், வயல்களுக்கு அப்பால் மலை தெரிந்தது. சுற்றிலும் சமவெளி, நடுவில் அது மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அதுவும் துணையில்லாமல் வந்த ஆசாமிதான் போலிருக்கிறது.

திருவண்ணாமலை இப்போது பெரிய ஊர். 1989-ல் தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. ஆட்டோ, ஹாரன், டீக்கடை, மருந்துக்கடை, வெள்ளை வேட்டி கட்டிய வெள்ளைக்காரர்கள், ஆந்திர தேசத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வரும் யாத்ரீகர்கள், நடைபாதையில் காவி சாமியார்கள். அமைதியைத் தேடிப் போகிறவர்களுக்குத் தேரடி வீதியில் அது கிடைக்காது.

கோயில் சுமார் 25 ஏக்கர். கிழக்கே 217 அடி ராஜகோபுரம், பதினோரு நிலை. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆரம்பித்துத் தஞ்சைச் சேவப்ப நாயக்கர் காலத்தில் முடிந்தது. உள்ளே ஆயிரங்கால் மண்டபம், அதிலே இளமையில் ரமணர் பூச்சிகள் அரித்ததுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்த பாதாள லிங்கக் குகை, அருணகிரிநாதருக்கு முருகன் காட்சி கொடுத்த கம்பத்து இளையனார் சந்நிதி, அவர் கிளியுருவில் தங்கியதாகச் சொல்லும் கிளிக் கோபுரம் - இவையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கும். ஆகவே நான் வடக்குக் கோபுரத்துக்குப் போகிறேன்.

அதற்கு அம்மணி அம்மாள் கோபுரம் என்று பெயர். 171 அடி. ராஜாக்களும் நாயக்கர்களும் கட்டிய கோயிலில், பாதியில் நின்றுபோன கோபுரத்தை வீடு வீடாகப் போய்ப் பிச்சை எடுத்துக் கட்டி முடித்தவள் ஒரு பெண். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரம் கிராமத்துக்காரி. கேட்ட இடத்தில் ஒரு பணக்காரர் கையில் காசில்லை என்றபோது, அவர் பெட்டியில் இன்ன தொகை இருக்கிறது என்று எண்ணிச் சொன்னாளாம். கூலி கொடுக்கப் பணம் தீர்ந்த நாளில் வேலையாட்களுக்கு விபூதியை அள்ளிக் கொடுத்தாள், அது அவரவர் கூலியாக மாறியது என்றும் சொல்கிறார்கள். அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு வேறு ஓர் அற்புதம் போதும். ஒரு கிராமத்துப் பெண் தன்னந்தனியாக ஊர் ஊராய்ச் சுற்றியிருக்கிறாள், 'யாரோடு வந்தாய்?' என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருக்கிறாள். ஏழு தலைமுறைக்கு நிற்கும் ஒரு கோபுரத்துக்குக் காசு சேர்த்திருக்கிறாள். வடக்கு வாசல் பக்கம் கூட்டம் குறைவு. அண்ணாந்து பார்த்துக்கொண்டு அரைமணி உட்காரலாம்.

சாப்பாட்டு விஷயம். ஓட்டலில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பெண்களுக்குப் பெரிய சோதனை என்று நான் நினைக்கிறேன். கோயிலில் தனியாக நிற்கலாம், பஸ்ஸில் தனியாக வரலாம். இலைக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தால் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நம்மில் பலர் வீட்டிலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சமையலறையில் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவர்கள் அல்லவா? அன்று இரவு இரண்டு தோசை, சட்னி இரண்டு வகை, ஒரு காபி. சூடாக ஒருவர் கொண்டுவந்து வைத்தார். நான் எழுந்திருக்கவே இல்லை. இரண்டாவது தோசையில் கூச்சம் போய்விட்டது.

கிரிவலத்துக்கு விடிகாலை நாலரை மணிக்குக் கிளம்பினேன். வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தார் ரோடு தோசைக்கல்லாகிவிடும்; ஆகையால் விடிவதற்கு முன் அல்லது அஸ்தமித்த பின். செருப்பை அறையிலேயே விட்டுவிட்டுப் போவது புத்திசாலித்தனம். ராஜகோபுரத்துக்கு முன் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்கத் தொடங்கினால், திசைக்கொன்றாக எட்டு லிங்கங்கள் வழியில் வருகின்றன. இந்திர லிங்கம் தேரடி வீதியிலேயே; அக்கினி லிங்கம் செங்கம் ரோட்டில்; அப்புறம் சேஷாத்திரி சுவாமிகள் ஆசிரமம், ரமணாசிரமம், எம லிங்கம். அதன் பிறகு செங்கம் ரோட்டை விட்டு வலது பக்கம் திரும்பினால் மரங்கள் ஆரம்பிக்கின்றன. ரோட்டில் இடதுபுறமாக நடக்க வேண்டும்; மலையை ஒட்டிய பக்கம் சித்தர்களும் தேவர்களும் நடக்கும் பாதை என்று ஐதீகம். லாரிக்காரர்களும் இதை உணர்ந்து நடந்துகொண்டால் நல்லது.

இருட்டில் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்டது. பயமாக இருந்ததா என்றால், இருந்தது. முன்னால் இருபது கஜத்தில் ஒரு குடும்பம், பின்னால் ஜபமாலையோடு ஒரு கிழவர் - அவர்கள் கண்ணில் படும் தூரத்திலேயே நடந்தேன். இது கோழைத்தனம் அல்ல, கணக்கு. காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதையிலும் மலை மேலும் தனியாகப் போகக் கூடாது. 'நான் வழி காட்டுகிறேன்' என்று ஒட்டிக்கொள்ளும் ஆளோடும் போகக் கூடாது. 2025 மார்ச்சில் அப்படி மலையேறிய அயல்நாட்டுப் பெண் ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளானதாகப் புகார் கொடுத்து, வழிகாட்டியாகப் போனவனைப் போலீசார் கைது செய்தார்கள். புண்ணிய ஸ்தலம் என்பதற்காக ஜாக்கிரதையைச் செருப்போடு விட்டுவிட்டுப் போக முடியாது.

நிருதி லிங்கத்துக்கு அருகில் ஒரு சுக்குக் காப்பிக் கடை. அங்கேதான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். ஆரணிக்காரி, பட்டு நெசவு. மஞ்சள் பையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"தனியாவா வந்திருக்கே பாப்பா?"

"ஆமாம்மா. நீங்க?"

"நானுந்தான். வூட்டுக்காரர் போய் நாலு வருசம் ஆவுது. மாசம் ஒரு தபா வந்துடுவேன்."

"வீட்டிலே ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொன்னாங்க. மொதல்லே பையன் கூட வந்தான். நடக்கற வழியெல்லாம் போன்லே பேசிக்கினே வந்தான். ஊட்லயே இருடான்னுட்டேன்." காப்பியை ஊதிக் குடித்தாள். "தறியிலே குந்தினா நூலைப் பாக்கணும். ஊட்ல பேரப் புள்ளைங்கள பாக்கணும். இங்க நான் ஒண்ணத்தையும் பாக்க வேணாம். மலை என்னைப் பாத்துக்கும்."

அவளோடு சேர்ந்து நடக்கலாம் என்று எழுந்தேன். பத்து நிமிஷத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. அந்த அம்மாள் நின்று திரும்பிப் பார்த்து, "நீ உன் நடையிலே வா. என் நடை வேற" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று போய்விட்டாள். எனக்கு முதலில் சுருக்கென்றது. அப்புறம் யோசித்தேன்: இத்தனை வருஷத்தில் யாராவது என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்களா? குழந்தையின் நடைக்கு மெதுவாகவும், பஸ்ஸைப் பிடிக்க ஓடும் கணவரின் நடைக்கு வேகமாகவும் நடந்ததுண்டு. என் நடை எது என்று அன்றைக்குத்தான், திருநேர் அண்ணாமலைக்கும் வருண லிங்கத்துக்கும் இடையில், கண்டுபிடிக்க முயன்றேன். அது கொஞ்சம் மெதுவானது. அடிக்கடி நின்று வேடிக்கை பார்ப்பது.

ஆதி அண்ணாமலைக்கு வரும்போது விடிந்துவிட்டது. அங்கே நாம் மலைக்கு மேற்கே இருக்கிறோம். ஆகவே சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து கிளம்பி வருகிறான். பாறை விளிம்பு தீப்பிடித்ததுபோல் ஒரு கோடு. பிறகு சட்டென்று வெயில். மார்கழியில் பெண்கள் ஒருவரை ஒருவர் எழுப்பிக்கொண்டு நீராடப் போகும் திருவெம்பாவையை மாணிக்கவாசகர் இங்கேதான் பாடினார் என்பது வழக்கு. அவருக்குப் பக்கத்திலேயே சிறு கோயில் உண்டு. வாயு லிங்கத்தில் நல்ல காற்று அடிக்கிறது. பெயருக்குத் தகுந்தபடி அடிக்கிறதா, நாம் களைத்துப் போயிருப்பதால் அப்படித் தோன்றுகிறதா என்று ஆராய வேண்டாம். குபேர லிங்கத்தில் மட்டும் கூட்டம் எப்போதும் அதிகம். காரணம் எழுத வேண்டுமா? இடுக்குப் பிள்ளையார் குகைக்குள் நுழைந்து வெளியே வருவதற்கு உடம்பு ஒத்துழைக்க வேண்டும். நான் வெளியே நின்றே கும்பிட்டேன்.

ஈசானிய லிங்கத்தைத் தாண்டி ஊருக்குள் வந்ததும், மலைச் சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் தெரிகின்றன. பார்க்கும்போதே மனம் கனக்கிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி பெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகருக்கு மேலே மண் சரிந்து, ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் புதைந்து போனார்கள். ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்தன்று பக்தர்களை மலைமேல் ஏற அனுமதிக்கவில்லை. கொப்பரையில் தீபம் மட்டும் வழக்கம்போல் ஏறியது. நாம் வலம் வந்து திரும்பும் மலையின் மடியில் ஆண்டு முழுவதும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள் என்பதை யாத்திரைக்காரர்கள் மறந்துவிடுகிறோம்.

ஒன்பதரை மணிக்கு ராஜகோபுரத்துக்குத் திரும்பினேன். உள்ளங்காலில் இரண்டு கொப்புளம். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கினேன். பகலில் தூங்கியதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை!

சாயங்காலம் ரமணாசிரமம். மயில்கள் உலாவுகின்றன, மகரிஷியின் அன்புக்குப் பாத்திரமாக இருந்து 1948-ல் மறைந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி இருக்கிறது, அவருடைய தாயார் அழகம்மாளின் சமாதி மேல் மாத்ருபூதேஸ்வரர் ஆலயம். கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சூரி நாகம்மாளின் நினைவு வந்தது. ஆந்திர தேசத்துப் பெண். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். 1941-ல் இங்கே வந்து, ஊரில் ஒரு சிறு வீட்டில் தனியாகக் குடியிருந்து, நாள்தோறும் ஆசிரமத்துக்கு வந்து போனார். 1945 முதல், தாம் கண்டதையும் கேட்டதையும் தம் சகோதரருக்குத் தெலுங்கில் கடிதங்களாக எழுதினார். அந்தக் கடிதங்கள்தாம் மகரிஷியின் கடைசி வருஷங்களைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் அருமையான குறிப்புகளில் ஒன்று. வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் என்று அந்தக் காலம் தீர்ப்பளித்த ஒரு பெண், தனியாக ஓர் ஊருக்கு வந்து உட்கார்ந்து எழுதியது. பத்திரிகைக்காரியான எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஊர் சுற்றினேன். திருவூடல் தெரு என்று ஒன்று இருக்கிறது. மாட்டுப் பொங்கலன்று அங்கே சுவாமிக்கும் அம்பாளுக்கும் சண்டை நடக்கும். அம்பாளை வணங்காமல் தம்மை மட்டும் வணங்கும் பிருங்கி முனிவருக்குத் தரிசனம் கொடுக்கப் போகிறேன் என்கிறார் சுவாமி. உண்ணாமுலையம்மைக்குக் கோபம் வந்து, கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அன்றிரவு சுவாமி குமரக் கோயிலில் தங்கிவிட்டு, மறுநாள் தன்னந்தனியாக மலையைச் சுற்றிவிட்டு வந்து சமாதானம் பண்ணிக்கொள்கிறார். பூக்கடைக்காரியிடம் இந்தக் கதையைக் கேட்டபோது, "இந்த ஊர்ல சாமியே தனியாத்தான் சுத்திச்சு, நாமெல்லாம் எம்மாத்திரம்?" என்றாள். ஒரு முழம் மல்லிகைக்குப் பதிலாக இரண்டு முழம் வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் "சென்னையாம்மா?" என்றார். வீட்டிலிருந்து இரண்டு தடவை போன் வந்துவிட்டது. மிக்ஸி ஜார் எங்கே என்று ஒன்று, சர்க்கரை டப்பா எங்கே என்று மற்றொன்று. இரண்டுக்கும் பதில் சொல்லியாயிற்று. ஆனால் வரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்த செஞ்சிக் கோட்டை மனசில் உட்கார்ந்துகொண்டிருந்தது. 2025 ஜூலையில்தான் அதை மராட்டியக் கோட்டைகளின் வரிசையில் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. ராஜகிரி, சுமார் 800 அடி. எதிரே ராணிக்கோட்டை என்று சொல்லும் கிருஷ்ணகிரி. காலை பத்து மணிக்கு இறங்கினால் பொழுது சாய்வதற்குள் ராணிக்கோட்டையையாவது ஏறிப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் பிடிக்கலாம். கொப்புளமும் ஏறக்குறைய ஆறிவிட்டது.

"செஞ்சிக்கு ஒண்ணு கொடுங்க" என்றேன்.